மூடுபனியில் முன்னே போனவர்

எங்கள் பள்ளியில் பூகோளம் நடத்தும் மாகோட்சோவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸோ வேனோ, மாஃபெட்டெங் ஊர் எல்லை தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். முதல் மலை வளைவிலேயே குடல் தொண்டைக்கு வந்துவிடும். முதன்முதலாக அவள் பிள்ளைகளை செமோன்கொங் அருவிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனபோது, வழி முழுக்க மடியில் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் மலையைப் பார்க்கவில்லை, டீச்சரின் வாளியைத்தான் பார்த்தார்கள். அருவி முன்னால் கொஞ்ச நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள்.

அடுத்த ஈஸ்டர் லீவுக்கு, "இனிமே நடந்தே போறது" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ராமபான்டா வரை ஒரு லாரியின் பின்பக்கத்தில் ஏறிப் போவார்கள். திறந்த லாரியில் காற்று அடித்தால் அவளுக்கு அவ்வளவாகக் குமட்டாது. அங்கிருந்து மலை மேல் நடை. காரில் போகிறவன் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு செமோன்கொங்கில் இருப்பான். அவள் ஒரு வாரம் எடுத்துக்கொள்வாள்.

அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. கடைசியில் வருகிறவர் எந்த வேகத்தில் வருகிறாரோ அதுதான் எல்லோருக்கும் வேகம். வழியில் யாரைப் பார்த்தாலும் நிற்க வேண்டும். எங்கிருந்து வர்றீங்க, எங்கே போறீங்க, யார் வீட்டுப் பிள்ளைங்க என்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் அரைகுறையாக இல்லாமல் முழுசாகப் பதில் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நாள் நடக்கவே கூடாது, ஒரே இடத்தில் சும்மா உட்கார வேண்டும். எதற்கு என்று நான் கேட்டேன். "நடந்தா ஆடு விலகிப் போயிடும். உட்காந்தாத்தான் கிட்ட வரும், அவுசி" என்றாள். அவுசி என்றால் எங்கள் பாஷையில் அக்கா தங்கை இரண்டும்தான். நான் கணக்கு டீச்சர். அவளோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள்.

ஒரு பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாசலுக்கே சண்டைக்கு வந்தார்.

"ஆடு மேய்க்கக் கூடாதுன்னுதான் பீஸ் கட்டிப் படிக்க வைக்கிறேன். நீங்க திரும்பவும் ஆட்டுக்கிட்டயே கூட்டிட்டுப் போறீங்களே, ம்மே?"

"ஆடு ஒண்ணும் சொல்லிக் குடுக்காது, ந்தாத்தே" என்றாள் மாகோட்சோ. "முன்னபின்ன தெரியாத வீட்டுல எப்படித் தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கிறதுன்னு உங்க பொண்ணு தெரிஞ்சுக்குவா. அது போதும்."

ம்மே என்றால் அம்மா, ந்தாத்தே என்றால் ஐயா. பெரியவர், சின்னவர், புருஷன், பெண்டாட்டி எல்லோரும் எங்கள் நாட்டில் இந்த இரண்டு வார்த்தைகளை வைத்துத்தான் காலம் தள்ளுகிறோம்.

மாகோட்சோ என்பது அவள் பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. கல்யாணமாகி வந்த அன்றைக்குப் புருஷன் வீட்டார் வைத்தது. கோட்சோவின் அம்மா என்று அர்த்தம். கோட்சோ அப்போது பிறக்கவே இல்லை. பெயர் காத்திருந்தது, பிறகு பெண் வந்து அதில் ஏறிக்கொண்டாள். கோட்சோ என்றால் சமாதானம். மலையில் எதிரே வருகிற ஆடு மேய்ப்பவர்கள் கையைத் தூக்கி "கோட்சோ!" என்றுதான் வணக்கம் சொல்வார்கள். அதனால் அந்தப் பெண் அம்மாவோடு நடக்கப் போனால் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பியே களைத்துப்போவாள். பிள்ளைகளுக்கு அது ஓயாத வேடிக்கை.

மாகோட்சோவின் புருஷன் லெபாகெங் நாட்டு எல்லை தாண்டி வெல்கொம்மில் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தார். கல்யாணமான நாளிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருவார், ஈஸ்டருக்கு வந்தாலும் வருவார். தலைக்கு எண்ணெய், மகளுக்குச் சட்டை, வீட்டுக்கு ஒரு கம்பளி என்று கொண்டுவருவார். இவர் யார் என்று வீடு பழகிக்கொள்வதற்குள் திரும்பிப் போய்விடுவார். கோட்சோவுக்குப் பதினாலு வயசு ஆனபோது சுரங்கத்தில் ஆள் குறைத்தார்கள். நெஞ்சில் கல்தூசி அடைத்திருந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். ஒரு தகரப் பெட்டியும் இருமலுமாக அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு மாகோட்சோ ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் தானாகவே சொன்னாள்.

"வந்துட்டார், அவுசி. ஆனா வந்திருக்கிறது யாருன்னுதான் தெரியலை. விடியுமுன்னே எழுந்து பூட்ஸைத் துடைக்கிறார். போக இடம் இல்லை. நின்னுக்கிட்டே சாப்பிடுறார். நான் டீ ஆத்தினா பின்னாடி நின்னு, 'செச்சா, செச்சா'ங்கிறார்."

செச்சா என்பது சுரங்கத்துப் பேச்சு. சீக்கிரம், சீக்கிரம். பூமிக்கு அடியில் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, மேலே வந்த பிறகும் அது அவர் வாயை விட்டுப் போகவில்லை. மகளைப் பார்த்தாலும் செச்சா. நாயைப் பார்த்தாலும் செச்சா.

"கிளினிக்ல என்ன சொல்றாங்க?"

"சும்மா படுத்திருந்தா நெஞ்சு இன்னும் இறுகிடுமாம். மெதுவா நடக்கணுமாம். மெதுவான்னு சொல்லும்போதே நர்ஸ் அம்மா என்னைப் பாத்து சிரிக்கிறாங்க. இவருக்கு அந்த வார்த்தையே தெரியாதே!" என்று அவளும் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. காசநோயும் சேர்ந்திருக்குமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் பயம். பரிசோதனைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். ஈஸ்டருக்குப் பிறகு.

அந்த ஈஸ்டருக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தாள். நடக்க மாட்டேன் என்றார். ராமபான்டாவில் இருந்த அவள் தம்பியிடம் ஒரு சாம்பல் நிறக் குதிரை இருந்தது. அதை இரவல் வாங்கி அவரை ஏற்றினாள். "எனக்குத் துணைக்கு நீயும் வா, அவுசி" என்று என்னையும் இழுத்தாள். எனக்கு நடையில் ஆசை கிடையாது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் போனேன்.

முதல் நாளிலேயே பிள்ளைகள் அவருக்கு ந்தாத்தே செச்சா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் ஒரு மேட்டை ஏறி முடிப்பதற்குள் அவர் அடுத்த மேட்டில் குதிரையை நிறுத்தித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். மாகோட்சோ எப்போதும் போலக் கடைசி ஆளோடு வருவாள். புருஷன் ஒரு கோடி, பெண்டாட்டி மறு கோடி, நடுவில் பிள்ளைகள். கோட்சோ அம்மா பக்கமும் போகாமல் அப்பா பக்கமும் போகாமல் என் பக்கத்திலேயே நடந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு சரிவில் நாலைந்து வட்டக் குடிசைகள் இருந்த இடத்துக்கு வந்தோம். முற்றத்தில் ஒரு பெண் பீன்ஸ் நெற்றைக் கோலால் அடித்துக்கொண்டிருந்தாள். பெயர் மாலெபோனா என்று பிறகு தெரிந்தது. பிள்ளைகள் நின்று வணக்கம் சொன்னார்கள். எங்கிருந்து, எங்கே, யார் வீடு என்று அவளும் நிதானமாகக் கேட்டாள். லெபாகெங் மட்டும் குதிரையை விட்டு இறங்கவில்லை. கம்பளியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எங்கள் மலையில் அப்படி ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

"குதிரை மேல இருக்கிறது யாரு, மந்திரியா? இல்ல, பல்லு வலியா?" என்றாள் மாலெபோனா.

லிமகாட்சோ என்று ஒரு மாணவி. ஆச்சரியங்கள் என்று அர்த்தம் வரும் பெயர் வைத்தார்களே தவிர, அவள் வாய் மூடியிருப்பதுதான் ஆச்சரியம். அவள் முன்னால் வந்தாள்.

"அவரு எங்க டீச்சரோட வீட்டுக்காரர், ம்மே. கர்வமெல்லாம் இல்லை. சுரங்கம் அவர் நெஞ்சைத் தின்னுடுச்சு. பேசினா இருமல் வந்துடும், அதான் மூச்சை மிச்சம் பிடிக்கிறார். எங்க ஆளுதான். அவருக்கும் சேத்து நானே சொல்லிடறேன். கோட்சோ, ம்மே!"

"என்ன?" என்று கோட்சோ திரும்பினாள். எல்லோரும் சிரித்தார்கள். மாலெபோனாவும் கோலை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். குதிரைக்காரரை இன்னொரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லிமகாட்சோவின் பாவாடையில் இரண்டு கை பீன்ஸ் அள்ளிப் போட்டாள். மாகோட்சோ அப்போது பின்னால் ஓடையைக் கடந்துகொண்டிருந்தாள். இது எதுவும் அவளுக்குத் தெரியாது.

அன்று ராத்தங்கலுக்கு அந்தச் சரிவுக்கு மேலே, லீவு விட்டிருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் அறை கிடைத்தது. மறுநாள் காலை மாகோட்சோ, "இன்னிக்கு நடை இல்லை. இங்கேயே இருக்கப் போறோம்" என்றாள். பிள்ளைகள் சந்தோஷமாகக் கம்பளியை விரித்தார்கள். லெபாகெங் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இருக்கணும்?"

"சும்மாதான், ந்தாத்தே."

"சும்மாவா? காலும் நல்லா இருக்கு, வெயிலும் இருக்கு, சும்மா இருக்கிறதா? இப்படிப் போனா அருவிக்குப் போய்ச் சேருறதுக்குள்ள அது வத்திடும்."

"வத்தினா வத்தட்டும். வத்தின அருவியையும் பாப்போம்."

"உனக்குக் காத்திருக்கத் தெரியும். என்னால ஆகாது."

மாகோட்சோவின் முகம் மாறியது. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து சொல்லிவிட்டாள். "ஆமா, எனக்குத் தெரியும். கல்யாணமான நாள்லருந்து நான் வேற என்ன பண்ணினேன்? போங்க. முன்னாடியே போங்க. உங்களுக்கு அதுதானே பழக்கம்."

அவர் குதிரையில் ஏறிக் கணவாய்ப் பாதையில் போனார்.

கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. எங்கள் மலையில் ஏப்ரல் மாதத்தில் அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. எதிர்மலை இருந்தது, இல்லை. பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் இருந்தது, இல்லை. பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு எண்ணிவிட்டு, மாகோட்சோ வாசலில் நின்றாள். போன பக்கமே பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை.

குளம்புச் சத்தம் கேட்டதும் எங்களுக்கு உயிர் வந்தது. சாம்பல் குதிரை வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தது. சேணம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மேலே ஆள் இல்லை.

கோட்சோ கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தாள். மாகோட்சோ அவள் கையைப் பிடித்தாள்.

"விடுங்கம்மா! அப்பா அங்க எங்கேயோ விழுந்து கிடக்கிறார்!"

"போகக் கூடாது."

"நீங்கதானே போங்கன்னு சொன்னீங்க!"

"ஆமா, நான்தான் சொன்னேன். ஒருத்தரைத் தொலைச்சாச்சு. ரெண்டாவது ஆளைத் தொலைக்க மாட்டேன். இந்தப் பாதைக்குப் பக்கத்துல பள்ளம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உக்காரு."

குரல் உறுதியாக இருந்தது. மகளின் கையை விடவில்லை. பெரிய பையன்கள் இரண்டு பேர், நாங்கள் போய்ப் பார்க்கிறோம் என்றார்கள். அவர்களையும் உட்கார வைத்தாள். ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவுக்கும் அவள் பதில் சொல்ல வேண்டும். தன் புருஷனுக்காக இன்னொருத்தி பிள்ளையைப் பனிக்குள் அனுப்ப அவளால் முடியாது. அதைவிடக் கஷ்டப்பட்டு ஒருவர் உட்கார்ந்திருந்து நான் கண்டதில்லை.

"கத்தலாம்" என்றாள். "எல்லாரும் சேந்து கத்துங்க. குரல் தடுக்கி விழாது."

வாசலில் நின்று ஒரே குரலாக அவர் பெயரைச் சொல்லிக் கத்தினோம். நிறுத்திக் காது கொடுத்தோம். மறுபடி கத்தினோம். பனி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். மாகோட்சோ உதட்டை அசைத்து ஏதோ ஜெபம் சொன்னாள். நடுவில் என் பக்கம் திரும்பி, மெல்ல, "அவருக்கு இருமல் வந்தா நிக்காது, அவுசி. கூப்பிட நினைச்சாலும் குரல் வராது" என்றாள்.

அப்போது தூரத்தில், கீழே சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கோட்சோ... ஓ... கோட்சோ!"

"அப்பா!" கோட்சோ துள்ளி எழுந்தாள். "அப்பா என்னைக் கூப்பிடுறார்! அம்மா, அப்பா!"

மறுபடி வந்தது. நல்ல இளங்குரல். நோயில்லாத நெஞ்சிலிருந்து வரும் குரல். அது அவர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாகோட்சோவுக்கும் தெரிந்தது. ஆடு மேய்க்கும் யாரோ மலைக்கு மலை வணக்கம் சொல்கிறான். அவ்வளவுதான். கோட்சோவுக்கு அதை எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் லிமகாட்சோ கையைக் குவித்துப் பதில் கொடுத்தாள். "கோட்சோ, ந்தாத்தே! சொல்லுங்க!"

ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு அந்தக் குரல் பேசியது. அப்படிப் பேசினால்தான் மலையில் குரல் தூரம் போகும்.

"டீச்சர்... இருக்காங்களா?"

"இருக்காங்க!"

"குதிரைக்காரர்... எங்க வீட்டுல... இருக்கார்! அம்மா... மாலெபோனா... சொல்லச் சொன்னாங்க! கால்... சுளுக்கு! வேற... ஒண்ணும் இல்லை! களி... சாப்பிடுறார்! ரெண்டாவது... தட்டு!"

 பிள்ளைகள் போட்ட கூச்சலில் குதிரை மிரண்டது. மாகோட்சோ வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கம்பளியை முகத்தில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

"ரெண்டாவது தட்டாம், அவுசி! எங்க வீட்டுல ஒரு தட்டை உக்காந்து சாப்பிட்டதில்லை, பாவி மனுஷன்!"

பனி விலகியதும் கீழே போனோம். மாலெபோனாவின் குடிசையில் வறட்டி நெருப்பின் பக்கத்தில், அவளுடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் லெபாகெங். மடியில் ஒரு முறம். பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முறத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். கோட்சோ வாசலிலேயே நின்றாள். பிறகு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அவருக்கும் அது போதுமாயிருந்தது.

நடந்தது இதுதான். கணவாய் ஏறும்போதே பனி மூடிவிட்டது. திரும்பிவிடலாம் என்று குதிரையைத் திருப்பியவர், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று குழம்பி மலையின் வேறு சரிவில் இறங்கிவிட்டார். நெஞ்சு அடைத்தது. நடந்தால் மூச்சு வரும் என்று குதிரையை விட்டு இறங்கினார். அது அவர் கையை உதறிக்கொண்டு ஓடியது. பிடிக்கப் போய் ஒரு ஓடைப்பள்ளத்தில் கால் மடங்கி விழுந்தார். கூப்பிடக் குரல் இல்லை. மாலெபோனாவின் மகன் ஆடுகளை ஒதுக்கிக்கொண்டு போனபோது இருமல் சத்தம் கேட்டிருக்கிறது.

"பனியில இருமுறது மனுஷனா வேற எதுவுமானு பயந்துட்டான்" என்றாள் மாலெபோனா. "ஓடி வந்து, கம்பளியை மூக்கு வரைக்கும் போத்தின ஆளு ஒருத்தர், வாயே தொறக்கலைன்னான். அட, அது நேத்து வந்த பிள்ளைங்களோட ஆளுடா, நெஞ்சு வலிக்காரர், கொண்டா சீக்கிரம்னு சொல்லி விட்டேன். பேசாத ஆளுக்கும் சேத்து அந்த வாயாடிப் பொண்ணு பேசிட்டுப் போயிருந்தாளே, அது நல்லதாப் போச்சு. இல்லைன்னா இவரு யாரு என்னன்னு நாங்க எங்க போய் விசாரிப்போம்? யாருக்குன்னு கத்துவோம்?"

லிமகாட்சோ முதல் தடவையாக வெட்கப்பட்டாள்.

மாகோட்சோ புருஷனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "என் உயிரையே எடுத்துட்டீங்க, ந்தாத்தே."

"என் உயிரே போயிடுச்சுன்னுதான் நானும் நினைச்சேன், ம்மே" என்றார் அவர். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "பள்ளத்துல உக்காந்திருந்தேன். எந்திரிக்க முடியலை. கத்தவும் முடியலை. முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் அந்தப் பயமும் தெரியலை. கீழ வேலை செய்யும்போது ஒரு தடவை சுரங்கம் சரிஞ்சு, நாங்க கொஞ்ச பேரு இருட்டுல உக்காந்திருந்தோம். உனக்குச் சொன்னதில்லை."

"நீங்க எதைச் சொல்லியிருக்கீங்க?"

"சொல்றேன்" என்றார்.

அந்தக் கால் சரியாகும் வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். அருவிக்கு அந்த வருஷம் போகவே இல்லை. பிள்ளைகள் மாலெபோனாவுக்குப் பீன்ஸ் அடித்துக் கொடுத்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள், அவள் காய்ச்சிய புளித்த சோளக் கூழைக் குடித்து வயிறு உப்பிப் போனார்கள். திரும்பும்போது லெபாகெங் குதிரையில் ஏற மறுத்துவிட்டார். குதிரை மேல் சின்னப் பிள்ளைகள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு கடைசி ஆளாக வந்தார். கடைசி ஆளோடு நடப்பது மாகோட்சோவின் சட்டம். அதனால் அவள் அவரோடுதான் நடக்க வேண்டியிருந்தது.

வேகமாகப் போனால் அவருக்கு மூச்சு வாங்கும், பேச முடியாது. மெதுவாகப் போனால் பேச முடிந்தது. பேசினார். இருட்டில் இருந்ததை, பக்கத்தில் செத்துப்போன நண்பனை, விடுதியில் ஒரே அறையில் எத்தனையோ பேரோடு படுத்ததை, மகள் பிறந்த செய்தி வந்த அன்று கீழே வேலையில் இருந்ததால் ஒருவரிடமும் சொல்ல முடியாமல் பாறையிடம் சொன்னதை. அவள் கேட்டாள். தானும் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் வேண்டுமென்றே எட்டி நடந்தேன். ஓடைக்கரையில் டீ போட்டு அவர்களுக்காகக் காத்திருந்தோம். டீ ஆறிப்போய் மறுபடி சுட வைத்தோம். அவர்கள் அதற்கும் அப்புறம்தான் வந்தார்கள்.

ஊருக்கு வந்த பிறகு பரிசோதனைக்குப் போனார்கள். அன்று மாகோட்சோ பள்ளிக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வந்தாள். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"காசநோய் இல்லையாம்" என்றாள். "தூசி இருக்காம். அது போகாதாம். ஆனா போன தடவை பாத்ததை விட ஏறலையாம். நடக்கச் சொன்னாங்க."

நாற்காலியில் உட்கார்ந்து மேஜையில் தலையை வைத்தாள். அப்படியே தூங்கிவிட்டாள். இத்தனை மாதம் தூங்காததையெல்லாம் சேர்த்துத் தூங்குவது போலத் தூங்கினாள். மணி அடித்தது. அவளுக்கு வகுப்பு இருந்தது. நான் சத்தம் போடாமல் எழுந்து அவள் வகுப்புக்குப் போனேன். எனக்குப் பூகோளம் வராது. நம் நாட்டில் மலையில் பிறந்து சமவெளிக்கு ஓடும் நதிகள் எவை என்று பிள்ளைகளிடமே கேட்டேன். டீச்சர் ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். தூங்குகிறார் என்றேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எல்லோரும் மெல்லிய குரலில்தான் பதில் சொன்னார்கள்.